முன்னோட்டத்தில் தெரிகிறது, தளத்தில் தெரியவில்லை: வேர்ட்பிரஸ் தீமில் சேமித்த அமைப்புகளை எடுத்துப் பயன்படுத்துவது

கேள்வி: நாச்சியார்கோவிலில் எங்கள் சித்தப்பா பித்தளைக் குத்துவிளக்குக் கடை வைத்திருக்கிறார். அவருக்காக வேர்ட்பிரஸில் ஒரு தீம் (தளத்தின் தோற்றத்தைத் தரும் ஃபைல் தொகுப்பு) எழுதி, கஸ்டமைசரில் (தோற்றத்தை மாற்றி முன்னோட்டம் பார்க்கும் திரை) கடையின் போன் எண், முகப்பு வாசகம், மேல்பட்டையின் நிறம் மூன்றுக்கும் இடம் வைத்தேன். கஸ்டமைசர் முன்னோட்டத்தில் எல்லாம் சரியாகத் தெரிகிறது. தளத்தைத் தனியாகத் திறந்தால் போன் எண் மட்டும் வருகிறது. வாசகமும் நிறமும் வரவில்லை. சரிசெய்யலாம் என்று சைல்டு தீம் (அந்தத் தீமைத் தாயாகக் கொண்டு இயங்கும் துணைத் தீம்) போட்டேன். இருந்த போன் எண்ணும் லோகோவும் சேர்ந்து காணாமல் போய்விட்டன. சேமித்ததை எப்படித் திரும்ப எடுப்பது அண்ணா? கார்த்திகை தீபத்துக்கு முன் தளம் தயாராக வேண்டும்.

பதில்:

தம்பி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், நிம்மதியாகப் படியுங்கள். நீங்கள் சேமித்தது எதுவும் அழியவில்லை. போன் எண்ணும் லோகோவும் டேட்டாபேஸில் அப்படியே இருக்கின்றன. ஆனால் இந்தப் பதிலை முழுக்கப் படித்து முடிக்கும்வரை டேட்டாபேஸை நேராகத் திருத்தும் பிஹெச்பி மைஅட்மின் கருவியைத் திறந்து எதையும் கையால் திருத்தாதீர்கள். காரணம் கீழே வரும்.

உங்களுக்கு வந்திருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறு. அடுத்தடுத்து வந்ததால் ஒன்றுபோலத் தோன்றுகிறது. வாசகமும் நிறமும் வராதது ஒரு காரணத்தால். சைல்டு தீம் போட்டதும் எல்லாம் மறைந்தது வேறொரு காரணத்தால். இரண்டையும் புரிந்துகொள்ள, சேமித்தது எங்கே போய் உட்காருகிறது என்பது தெரிய வேண்டும். ஃபங்ஷன் பெயர்களையும் சாவிப் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். கோடில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

கஸ்டமைசரில் வெளியிடு பொத்தானை அழுத்தியதும், நீங்கள் வேறு வகை சொல்லாதவரை, அந்த மதிப்பு 'தீம் மாட்' என்ற கணக்கில் சேர்கிறது. தீம் மாட்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரிசை கிடையாது. டபிள்யூபி_ஆப்ஷன்ஸ் டேபிளில் ஒரு தீமுக்கு ஒரே ஒரு வரிசைதான். அந்த வரிசையின் பெயர் 'தீம்_மாட்ஸ்_' என்று தொடங்கி, பின்னால் தீமின் ஃபோல்டர் பெயரைச் சேர்த்துக்கொள்ளும். உங்கள் தீம் ஃபோல்டர் 'விளக்குகடை' என்றால் வரிசையின் பெயர் 'தீம்_மாட்ஸ்_விளக்குகடை'. போன் எண், லோகோ, பின்னணி நிறம், எந்த மெனு எந்த இடத்தில் என்பது வரை அந்தத் தீமின் தீம் மாட்கள் அனைத்தும் ஒரு மூட்டையாகக் கட்டி அந்த ஒற்றை வரிசைக்குள் வைக்கப்படுகின்றன. இந்த முறை பழையது. கஸ்டமைசர் 2012இல் 3.4 பதிப்பில் வருவதற்கு முன்பே தீம் மாட் இருந்தது. கஸ்டமைசர் அந்த மூட்டைக்கு ஒரு நல்ல வாசலைக் கட்டிக் கொடுத்தது, அவ்வளவுதான்.

அந்த மூட்டையிலிருந்து ஒன்றை எடுக்கும் ஃபங்ஷன் கெட்_தீம்_மாட். அதற்கு இரண்டு சரக்கு கொடுக்கலாம்: முதலாவது சாவியின் பெயர், இரண்டாவது அந்தச் சாவி மூட்டையில் இல்லாவிட்டால் என்ன தரவேண்டும் என்கிற டீஃபால்ட். இரண்டாவதைக் கொடுக்காவிட்டால், இல்லாத சாவிக்கு 'ஃபால்ஸ்' திரும்ப வரும். எக்கோ செய்தால், அதாவது பக்கத்தில் எழுதினால், வெற்று இடம்தான் தெரியும். உங்கள் தளத்தில் தெரிவது அதுதான்.

"ஆட்_செட்டிங் எழுதும்போதே டீஃபால்ட் கொடுத்தேனே" என்று கேட்பீர்கள். கஸ்டமைசரில் ஓர் அமைப்பைப் பதிவுசெய்யும் வரிதான் ஆட்_செட்டிங். இந்தத் துறைக்கு வருகிற எல்லாரும் இடறுகிற இடம் இது. ஆட்_செட்டிங்கில் நீங்கள் எழுதிய டீஃபால்ட் கஸ்டமைசருக்கு மட்டுமே தெரியும். முன்னோட்டம் ஓடும்போது, சேமித்த மதிப்பு எதுவும் இல்லை என்று கண்டால் கஸ்டமைசர் தன் கையிலுள்ள டீஃபால்டை நடுவில் புகுந்து கொடுத்துவிடுகிறது. சாதாரணமாக ஒருவர் தளத்தைத் திறக்கும்போது கஸ்டமைசர் அங்கே இல்லை. மூட்டையில் சாவி இல்லை, கெட்_தீம்_மாட்டுக்கு நீங்கள் இரண்டாவது சரக்கும் கொடுக்கவில்லை, ஆகவே வெற்றிடம். போன் எண் மட்டும் வந்தது ஏன்? அதை நீங்கள் கையால் அடித்து வெளியிட்டிருப்பீர்கள். வாசகமும் நிறமும் இருப்பதே நன்றாக இருக்கிறது என்று தொடாமல் விட்டிருப்பீர்கள். தொடாததை கஸ்டமைசர் சேமிப்பதில்லை.

ஆகவே எடுக்கிற இடத்திலும் டீஃபால்ட் கொடுக்க வேண்டும்:

கெட்_தீம்_மாட்( 'கடை_வாசகம்', 'நாச்சியார்கோவில் பித்தளை விளக்குகள்' )

இப்படி எழுதினால் இன்றைக்கே வேலை முடிந்துவிடும். ஆனால் ஆறு மாதம் கழித்துச் சித்தப்பா வாசகத்தை மாற்றச் சொல்வார். நீங்கள் ஆட்_செட்டிங்கில் மாற்றுவீர்கள். ஹெடரில் பழையது நிற்கும். ஃபுட்டரில் மூன்றாவதாக ஒன்று இருக்கும். ஒரே மதிப்பை மூன்று இடத்தில் எழுதினால் என்றாவது ஒருநாள் மூன்றும் மூன்றாகப் போகும். அதனால் நான் எந்தத் தீம் எழுதினாலும் முதலில் எழுதுவது 'கடை_டீஃபால்ட்கள்' என்று ஒரு சின்ன ஃபங்ஷன். அது ஒரு அரேயை, அதாவது சாவியும் மதிப்பும் உள்ள பட்டியலை, திருப்பித் தரும்: வாசகத்துக்கு இது, நிறத்துக்கு இது, போனுக்கு வெற்று. அடுத்து 'கடை_மதிப்பு' என்று இன்னொன்று; சாவியை வாங்கிக்கொண்டு, டீஃபால்ட் அரேயில் அதற்குரியதை இரண்டாவது சரக்காக வைத்து கெட்_தீம்_மாட்டை அழைக்கும். ஆட்_செட்டிங்கிலும் டீஃபால்டை அதே அரேயிலிருந்தே எடுங்கள். அதன்பின் டெம்ப்ளேட் ஃபைல்கள் எதிலும் கெட்_தீம்_மாட்டை நேரடியாக எழுதாதீர்கள், கடை_மதிப்பு மட்டும்தான். தீம் மாட் எடுப்பதைப் பற்றி ஒரே ஒரு பழக்கம் சொல்லச் சொன்னால் நான் சொல்வது இதைத்தான்.

இங்கேயே ஒரு நுணுக்கம். டீஃபால்ட் வருவது சாவியே இல்லாதபோதுதான். சித்தப்பா வாசகப் பெட்டியைக் காலியாக்கி வெளியிட்டால், சாவி இருக்கிறது, மதிப்பு வெற்று. கெட்_தீம்_மாட் வெற்றையே தரும். அது சரியான நடத்தை, ஏனென்றால் அவர் வேண்டுமென்றே காலியாக்கியிருக்கிறார். சிலர் இதைப் பிழை என்று நினைத்து "காலியாக இருந்தால் டீஃபால்டைப் போடு" என்று ஒரு இஃப் எழுதிவிடுவார்கள். வாசகத்துக்கு அது ஓடும். டிக் பெட்டிக்கு ஓடாது. 'விலையைக் காட்டு' என்று ஒரு டிக் பெட்டி, டீஃபால்ட் ஆம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் டிக்கை எடுத்தால் சேமிக்கப்படுவது வெற்று அல்லது ஃபால்ஸ். உங்கள் இஃப் அதைக் காலி என்று கருதி மறுபடி ஆம் என்று மாற்றிவிடும். டிக்கை எத்தனை தரம் எடுத்தாலும் விலை மறையாது. பூஜ்யம் என்ற எண்ணுக்கும் இதே கதி.

இனி சைல்டு தீம். வரிசையின் பெயர் ஃபோல்டர் பெயரோடு ஒட்டியது என்று சொன்னேனே, அதில்தான் விடை இருக்கிறது. சைல்டு தீமை இயக்கியதும் வேர்ட்பிரஸ் பார்ப்பது சைல்டின் ஃபோல்டர் பெயரை. 'தீம்_மாட்ஸ்_விளக்குகடை-சைல்டு' என்ற வரிசையைத் தேடுகிறது. அதில் உங்கள் போன் எண் இல்லை. டெம்ப்ளேட் ஃபைல்களைச் சைல்டு தாய்த் தீமிடமிருந்து எடுத்துக்கொள்ளும். சேமித்த அமைப்புகளை எடுத்துக்கொள்ளாது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், அப்பா பெயரில் பட்டா இருக்கிறது, மகன் தனிக்குடித்தனம் வந்துவிட்டான். நிலம் எங்கும் போகவில்லை. பட்டாவை மாற்றி எழுதவில்லை, அவ்வளவே. தாய்த் தீமுக்குத் திரும்பிப் போனால் போன் எண்ணும் லோகோவும் அப்படியே வந்து நிற்கும், இப்போதே செய்து பாருங்கள். தீம் ஃபோல்டரின் பெயரை மாற்றினாலும் இதே விளைவுதான். பதிப்பு எண்ணை ஃபோல்டர் பெயரில் சேர்த்து ஏற்றுகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் இதில் மாட்டுகிறார்கள்.

மெனு இடங்களை மட்டும் 4.9 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ் தானே ஓரளவு பொருத்திப் பார்க்கும். அதனால்தான் உங்களுக்கு மெனு தப்பித்திருக்கும். மற்றதை நாம்தான் கொண்டுவர வேண்டும்.

கொண்டுவரும் வழி இது. சைல்டு தீமின் ஃபங்ஷன்ஸ் ஃபைலில் 'ஆஃப்டர்_ஸ்விட்ச்_தீம்' என்ற ஹூக்கில் (குறிப்பிட்ட தருணத்தில் நம் கோடை ஓடவிடும் கொக்கி) ஒரு ஃபங்ஷனை மாட்டுங்கள். அதற்குள் கெட்_ஆப்ஷன் கொண்டு 'தீம்_மாட்ஸ்_' உடன் கெட்_டெம்ப்ளேட் தருகிற பெயரைச் சேர்த்து எடுங்கள். சைல்டு இயங்கும்போது கெட்_டெம்ப்ளேட் தாயின் ஃபோல்டரையும், கெட்_ஸ்டைல்ஷீட் சைல்டின் ஃபோல்டரையும் தரும். இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். கிடைப்பது அரேதானா என்று பார்த்துவிட்டு, ஒவ்வொரு சாவியாக, சைல்டில் ஏற்கெனவே இல்லாததை மட்டும் செட்_தீம்_மாட் கொண்டு எழுதுங்கள். இரண்டு சாவிகளை விட்டுவிட வேண்டும். ஒன்று 'சைட்பார்ஸ்_விட்ஜெட்ஸ்', அது தீம் மாறும்போது பழைய விட்ஜெட் நிலையை வேர்ட்பிரஸ் தன் உபயோகத்துக்கு எடுத்துவைத்த குறிப்பு. இன்னொன்று 'கஸ்டம்_சிஎஸ்எஸ்_போஸ்ட்_ஐடி'. கஸ்டமைசரில் நீங்கள் எழுதும் கூடுதல் சிஎஸ்எஸ் 4.7 பதிப்பிலிருந்து தனி போஸ்டாகச் சேமிக்கப்படுகிறது. தீம் மாடில் இருப்பது அந்தப் போஸ்டின் எண் மட்டும். அதை நகலெடுத்தால் தாயும் சைல்டும் ஒரே போஸ்டைப் பிடித்து இழுக்கும். அந்த சிஎஸ்எஸ்ஸைத் தாய்த் தீமில் கண்ட்ரோல் சி, சைல்டில் கண்ட்ரோல் வி என்று கையால் கொண்டுவருவதே உத்தமம்.

இந்த ஹூக் தீம் மாறிய உடனே ஒரு முறைதான் ஓடும். நீங்கள் ஏற்கெனவே மாறிவிட்டதால், கோடை எழுதிவிட்டுத் தாய்க்குப் போய் மறுபடி சைல்டுக்கு வாருங்கள்.

இதைவிட முக்கியமானது ஒன்று. போன் எண்ணைத் தீம் மாடில் வைத்ததே சரியில்லை என்பது என் கருத்து. நிறம், எழுத்தின் அளவு, பட்டை இடப்பக்கமா வலப்பக்கமா என்பதெல்லாம் தீமின் சொத்து. தீம் மாறினால் அவை போவதுதான் முறை. கடையின் போன் எண், முகவரி, வாட்ஸ்அப் எண், திறக்கும் நேரம் எல்லாம் கடையின் சொத்து. நாளைக்கு வேறு தீம் போட்டாலும் கடை அதே தெருவில்தான் இருக்கப்போகிறது. ஆட்_செட்டிங்கில் 'டைப்' என்று ஒரு இடம் உண்டு. ஒன்றும் சொல்லாவிட்டால் அது 'தீம்_மாட்'; 'ஆப்ஷன்' என்று சொன்னால் மதிப்பு ஆப்ஷன்ஸ் டேபிளில் தன் பெயரிலேயே தனி வரிசையாகச் சேரும். வேர்ட்பிரஸே இந்தப் பிரிவினையைச் செய்திருக்கிறது பாருங்கள்: தளத்தின் பெயரும், அதன் கீழுள்ள குறுவாசகமும், பிரவுசர் தாவலில் வரும் சைட் ஐகானும் ஆப்ஷன், லோகோ தீம் மாட். அதனால்தான் சைல்டு போட்டபோது உங்கள் தளப் பெயர் மறையாமல் லோகோ மட்டும் மறைந்தது. ஆப்ஷனாக வைத்ததை எடுக்கக் கெட்_ஆப்ஷன் எழுத வேண்டும். கெட்_தீம்_மாட்டிடம் கேட்டால் இல்லை என்றுதான் சொல்லும். டைப்பை ஆப்ஷன் என்று வைத்துவிட்டு கெட்_தீம்_மாட்டில் தேடி இரவெல்லாம் உட்கார்ந்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆப்ஷனுக்குப் பெயர் வைக்கும்போது 'போன்' என்று மொட்டையாக வைக்காதீர்கள். அந்த டேபிளில் எல்லா பிளகின்களும் குடியிருக்கின்றன. 'விளக்குகடை_போன்' என்று முன்னொட்டோடு வையுங்கள்.

எடுத்த மதிப்பு எந்த உருவில் வரும் என்பதிலும் கவனம் வேண்டும். லோகோவைக் கெட்_தீம்_மாட் கொண்டு எடுத்தால் படம் வராது, ஒரு எண் வரும். மீடியா நூலகத்தில் அந்தப் படத்தின் எண். அதை டபிள்யூபி_கெட்_அட்டாச்மென்ட்_இமேஜ் ஃபங்ஷனிடம் கொடுத்தால் படமாக மாற்றித் தரும். நீங்களாக ஒரு படப் பெட்டி வைக்கும்போது 'மீடியா கண்ட்ரோல்' பயன்படுத்தினால் எண் சேமிக்கப்படும், 'இமேஜ் கண்ட்ரோல்' என்றால் முழு யூஆர்எல் சேமிக்கப்படும். நான் மீடியா கண்ட்ரோல் பக்கம்தான். உங்கள் கம்ப்யூட்டரில் செய்துவிட்டு நிஜ சர்வருக்கு ஏற்றும்போது யூஆர்எல் எல்லாம் லோக்கல்ஹோஸ்டைக் காட்டிக்கொண்டு நிற்கும். எண்ணுக்கு அந்தத் தொல்லை இல்லை. நிறத்திலும் ஒரு பொறி உண்டு. வேர்ட்பிரஸ் தானே வைத்திருக்கும் பின்னணி நிறம் ஹாஷ் குறி இல்லாமல் ஆறு எழுத்தாகச் சேமிக்கப்படும். நீங்கள் சேர்க்கும் நிறப் பெட்டிக்கு 'சானிடைஸ்_ஹெக்ஸ்_கலர்' வைத்தால் ஹாஷோடு சேமிக்கப்படும். முதலாவதில் ஹாஷை நீங்கள் ஒட்ட வேண்டும், இரண்டாவதில் ஒட்டக்கூடாது.

பயன்படுத்தும் இடத்துக்கு வருவோம். சேமிக்கும்போது சானிடைஸ் (தப்பான உள்ளீட்டை வடிகட்டுவது), பக்கத்தில் காட்டும்போது எஸ்கேப் (பக்கத்தின் கோடை உடைக்கும் குறிகளைப் பாதுகாப்பாக மாற்றுவது). இரண்டும் வேண்டும், ஒன்று மற்றொன்றுக்கு மாற்று ஆகாது. வாசகம் பக்கத்தில் எழுத்தாக வந்தால் இஎஸ்சி_ஹெச்டிஎம்எல், ஒரு டேகின் பண்புக்குள் வந்தால் இஎஸ்சி_ஆட்டர், இணைப்பாக வந்தால் இஎஸ்சி_யூஆர்எல். "எங்கள் சித்தப்பாதானே அடிக்கிறார்" என்று விடாதீர்கள். அவர் வாசகத்துக்கு நடுவில் இரட்டை மேற்கோள் ஒன்று போட்டாலே போதும், எஸ்கேப் செய்யாத பண்பு உடைந்து பாதிப் பக்கம் கோணலாகிவிடும். போன் எண்ணை மக்கள் படிக்க இடைவெளி விட்டுக் காட்டுங்கள். 'டெல்' இணைப்புக்குள் போடும்போது இடைவெளியை எடுத்துவிட்டு எண்களை மட்டும், நாட்டுக் குறியீட்டுடன் போடுங்கள். கல்யாணச் சீருக்கு விளக்கு எடுக்க வருகிறவர்கள் போனில்தான் பார்ப்பார்கள். தொட்டதும் அழைப்பு போக வேண்டும்.

நிறத்தை ஒவ்வொரு டேகிலும் ஸ்டைல் என்று எழுதிக்கொண்டே போக வேண்டாம். உங்கள் ஸ்டைல்ஷீட்டில் 'கடை-நிறம்' என்று ஒரு சிஎஸ்எஸ் மாறியை வைத்து, பட்டை, பொத்தான், கோடு எல்லாம் அந்த மாறியையே பார்க்கும்படி எழுதுங்கள். பிறகு டபிள்யூபி_ஆட்_இன்லைன்_ஸ்டைல் கொண்டு, சேமித்த நிறத்தை அந்த மாறிக்கு ஒரே வரியில் கொடுத்துவிடுங்கள். அந்த ஃபங்ஷனுக்கு ஏற்கெனவே என்கியூ செய்த (பக்கத்தில் ஏற்றச் சொல்லி வரிசையில் சேர்த்த) ஒரு ஸ்டைலின் பெயர் வேண்டும். அதற்கு முன்னாலேயே அழைத்தால் சத்தமில்லாமல் ஒன்றும் செய்யாது. பலமுறை கெட்_தீம்_மாட் அழைத்தால் தளம் மெதுவாகுமோ என்ற பயம் வேண்டாம். அந்த வரிசை தளம் திறக்கும்போதே மற்ற ஆப்ஷன்களோடு ஒரே வீச்சில் நினைவகத்துக்கு வந்துவிடுகிறது. ஒவ்வொரு அழைப்புக்கும் டேட்டாபேஸைத் தட்டுவதில்லை.

கார்த்திகை என்று சொன்னதால் இதையும் சொல்கிறேன். 'தீம்_மாட்_' உடன் சாவியின் பெயர் சேர்ந்த ஒரு ஃபில்டர் (மதிப்பை வழியில் பிடித்து மாற்றவிடும் ஹூக்) உண்டு. அதில் ஒரு ஃபங்ஷனை மாட்டி, தேதி நடு நவம்பரிலிருந்து நடு டிசம்பருக்குள் இருந்தால் கார்த்திகை வாசகத்தையும், மற்ற நாளில் வந்ததை வந்தபடியும் திருப்பிக் கொடுக்கலாம். சேமித்த வாசகத்தை யாரும் தொட வேண்டாம், மாதம் முடிந்ததும் அதுவே பழையபடி வந்துவிடும்.

இப்போது டேட்டாபேஸைக் கையால் திருத்தாதீர்கள் என்று ஏன் சொன்னேன் என்பதற்கு வருகிறேன். தமிழில் தளம் செய்கிறவர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகம் பொருந்தும்.

தீம் மாட் மூட்டை 'சீரியலைஸ்' செய்து, அதாவது ஒரே எழுத்துச் சரமாக்கி, வைக்கப்படுகிறது. எழுத்தாலான ஒவ்வொரு மதிப்புக்கும் முன்னால் அதன் நீளம் எழுதியிருக்கும். அந்த நீளம் எழுத்துக் கணக்கு இல்லை, பைட் கணக்கு. எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து 1 பைட். தமிழில் உயிரெழுத்து, மெய்யின் உடல், கால், கொம்பு, புள்ளி ஒவ்வொன்றும் 3 பைட். 'தஞ்சாவூர்' கண்ணுக்கு 5 எழுத்து. உள்ளே பிரித்தால் த, ஞ, புள்ளி, ச, கால், வ, ஊகாரக் குறி, ர, புள்ளி என்று 9 குறியீடு, 27 பைட். ஆகவே மூட்டையில் 'எஸ், 27' என்று எழுதி, அதன்பின் தஞ்சாவூர் என்றிருக்கும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தின் தளத்தை நான் கவனித்துக்கொண்டிருந்தேன். ஃபுட்டரில் மன்னார்குடி என்றிருந்ததைத் திருவாரூர் என்று மாற்ற வேண்டும். அந்த மண்டபத்தில் கணக்கு பார்த்தவர், கெட்டிக்காரர்தான், பிஹெச்பி மைஅட்மினில் நேராக அந்த வரிசையைத் திறந்து ஊர்ப்பெயரை மாற்றிச் சேமித்துவிட்டார். மன்னார்குடி 33 பைட், திருவாரூர் 30. நீளம் 33 என்றே நின்றது. வேர்ட்பிரஸ் மூட்டையை அவிழ்க்க முயன்றது, கணக்கு உதைத்தது, முழு மூட்டையையும் செல்லாது என்று தள்ளிவிட்டது. ஊர்ப்பெயர் மட்டும் போகவில்லை. லோகோ, நிறம், மெனு எல்லாம் ஒரே நொடியில் மறைந்தன. அதுவரைகூட மோசமில்லை. மூட்டை டேட்டாபேஸில் அப்படியே இருந்தது. 33ஐ 30 ஆக்கினால் எல்லாம் திரும்பியிருக்கும். ஆனால் பதற்றத்தில் அவர் கஸ்டமைசரைத் திறந்து லோகோவை மறுபடி ஏற்றி வெளியிட்டார். கஸ்டமைசருக்கு மூட்டை காலி என்றுதான் தெரியும். ஆகவே லோகோ ஒன்று மட்டும் உள்ள புதிய மூட்டையைக் கட்டி, பழையதன் மேலேயே எழுதிவிட்டது. பிறகு முந்தைய வார பேக்கப்பிலிருந்துதான் மீட்டேன்.

அதனால் இரண்டு விஷயம். அமைப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் மறைந்தால் கஸ்டமைசரில் வெளியிடு பொத்தானை அழுத்தாதீர்கள். முதலில் அந்த வரிசையின் உள்ளடக்கத்தை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் நகலெடுத்து வையுங்கள். தளத்தின் பெயரையோ ஊர்ப்பெயரையோ டேட்டாபேஸ் முழுக்க மாற்ற வேண்டுமானால் டபிள்யூபி-சிஎல்ஐ என்ற கட்டளைவரிக் கருவியின் 'சர்ச்-ரீப்ளேஸ்' கட்டளையைப் பயன்படுத்துங்கள். அது மூட்டையை முறையாக அவிழ்த்து, மாற்றி, நீளத்தைத் திரும்பக் கணக்கிட்டுக் கட்டும். எஸ்க்யூஎல் டம்ப் ஃபைலை நோட்பேடில் திறந்து ஃபைண்ட்-ரீப்ளேஸ் செய்வதும் மைஅட்மின் திருத்தம் போன்றதுதான்.

நீளத்தைக் கையால் எண்ணியே தீர வேண்டிய நிலை வந்தால், ஓகாரத்தில் கவனம். 'கும்பகோணம்' என்பதில் 'கோ'வின் ஓகாரக் குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம், முன்னால் இரட்டைக்கொம்பு, பின்னால் கால் என்று இரண்டு குறியீடாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். ஒன்று 30 பைட், மற்றது 33. டேட்டாபேஸின் எழுத்துத்தொகுதி லத்தீன் என்று இருந்து தமிழெல்லாம் கேள்விக்குறியாக மாறினாலும் இதே நீளக் கணக்கு உதைக்கும். சர்வர் மாற்றும்போது எழுத்துத்தொகுதி யூடிஎஃப்8எம்பி4 என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இன்னொரு சந்தேகம் வரும்: எல்லாம் சரி, சேமித்தும் ஆயிற்று, ஆனாலும் தளத்தில் பழையதே தெரிகிறது. ஜூன் 12இல் மேட்டூர் திறந்தாலும் வேதாரண்யம் பக்கக் கடைமடைக்குத் தண்ணீர் அன்றைக்கே வந்துவிடுவதில்லை. நடுவில் எத்தனை மதகு. இங்கும் அணையிலிருந்து கீழ்நோக்கியே பாருங்கள். டேட்டாபேஸில் இருக்கிறதா என்று அறிய 'டபிள்யூபி தீம் மாட் லிஸ்ட்' என்று டபிள்யூபி-சிஎல்ஐயில் அடித்தால் இயங்கும் தீமின் சாவிகளும் மதிப்புகளும் வரிசையாக வரும். அங்கே இருந்தால், டெம்ப்ளேட்டில் வார்_டம்ப் போட்டு கெட்_தீம்_மாட் என்ன தருகிறது என்று பாருங்கள். அதுவும் சரி என்றால் பக்கத்தின் மூலத்தைத் திறந்து அந்த மதிப்பு ஹெச்டிஎம்எல்லில் எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். லாகின் செய்த நிலையில் வந்து, லாகின் இல்லாமல் வரவில்லை என்றால் அது பேஜ் கேஷ் பிளகின் பிடித்து வைத்திருக்கும் பழைய பக்கம். கேஷைக் காலி செய்யுங்கள். மூலத்தில் இருந்தும் கண்ணுக்குத் தெரியாவிட்டால் வேறொரு சிஎஸ்எஸ் விதி அதை மூடிக்கொண்டிருக்கிறது. கடைமடையில் நின்று பிரவுசரை மட்டும் ரீஃப்ரெஷ் செய்துகொண்டே இருந்தால் எந்த மதகு மூடியிருக்கிறது என்று ஒருநாளும் தெரியாது.

முழுக்கப் பிளாக்குகளால் கட்டப்படும் பிளாக் தீம்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஒரு வார்த்தை மட்டும். 2022 ஜனவரியில் வந்த 5.9 பதிப்பிலிருந்து, பிளாக் தீமில் நிறமும் எழுத்துருவும் சைட் எடிட்டரில் மாற்றப்படுகின்றன. அவை தீம் மாட் மூட்டைக்குப் போவதில்லை. 'டபிள்யூபி_குளோபல்_ஸ்டைல்ஸ்' என்ற வகைப் போஸ்டில் ஜேசனாகச் சேர்கின்றன. எடுக்க வேண்டுமானால் டபிள்யூபி_கெட்_குளோபல்_ஸ்டைல்ஸ், டபிள்யூபி_கெட்_குளோபல்_செட்டிங்ஸ். டீஃபால்டைத் தீமின் ஜேசன் ஃபைலில் எழுதினால் வேர்ட்பிரஸே பயனர் மாற்றத்தோடு கலந்து தந்துவிடும். நீங்கள் பட்ட இரட்டை டீஃபால்ட் தொல்லை அங்கே இல்லை. ஆனால் அதுவும் தீமின் பெயரோடு கட்டுப்பட்டதே.

இன்றிரவு செய்ய வேண்டியது: முழு பேக்கப் எடுத்துவிட்டுத் தாய்த் தீமுக்குத் திரும்புங்கள். போன் எண்ணும் லோகோவும் வந்துவிட்டனவா என்று பாருங்கள். டீஃபால்ட் அரேயை எழுதுங்கள். பிறகு போன் எண்ணை ஆப்ஷனுக்கு மாற்ற, கெட்_தீம்_மாட் தருவதை எடுத்து அப்டேட்_ஆப்ஷன் கொண்டு 'விளக்குகடை_போன்' என்று ஒரே ஒரு முறை எழுதிவிட்டு, ஆட்_செட்டிங்கின் டைப்பை மாற்றுங்கள். அதற்குப் பிறகு, மேலே சொன்ன ஹூக்கை எழுதிவிட்டுச் சைல்டு தீமை இயக்குங்கள். பழைய தீம் மாடை ரிமூவ்_தீம்_மாட் கொண்டு நீக்குவதற்கு அவசரம் இல்லை; கார்த்திகை வியாபாரம் முடிந்து, தையில் பார்த்துக்கொள்ளலாம். தாய்த் தீமுக்குத் திரும்பியும் லோகோ வராவிட்டால், எதையும் வெளியிடாமல், அந்த வரிசையில் போன் எண்ணை மட்டும் மறைத்துவிட்டு மீதியை இங்கே போடுங்கள், நீளக் கணக்கை நான் எண்ணித் தருகிறேன்.